வீடியோ விளையாட்டும் தவில் சத்தமும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் நிகழ்த்திய உரை. மலருக்காகச் சில இடங்களில் மட்டும் திருத்தப்பட்டது.)



நம் செயலாளர் போன மாதம் போன் செய்து, "இந்த வருஷம் நீதான் பேசணும். பசங்களுக்குப் பிடிச்ச தலைப்பா எடுத்துக்கோ" என்றார். "வீடியோ கேமில் இசை" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏம்ப்பா, பெத்தவங்களும் வந்திருப்பாங்களே" என்றார். அவர் பயம் நியாயம்தான். பிள்ளைகளைக் கெடுப்பவை என்று நாம் போடும் பட்டியலில் ஒரு காலத்தில் சினிமா இருந்தது. அப்புறம் கேபிள் டி.வி. வந்தது. இப்போது அந்த இடம் வீடியோ கேமுக்கு. நான் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எத்தனை மணி நேரம் ஆடலாம் என்பதை அவரவர் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்து வரும் சத்தத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி? நான் பாடகன் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவனும் இல்லை. 1990 முதல் 1993 வரை இங்கே இயற்பியல் படித்தேன். படித்தேன் என்பதைவிட இருந்தேன் என்பது பொருத்தம். இப்போது ஒட்டன்சத்திரத்தில் டி.வி., மிக்ஸி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நடுவில் 1995 முதல் நான்கு வருஷம், சீசன் மாதங்களில் கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் வழியில், என் அறைத்தோழனோடு சேர்ந்து ஒரு வீடியோ கேம் கடை நடத்தினேன். அதுதான் என் தகுதி.

கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வாடகைக்கு எடுத்த ஒரு அறை, நான்கு பழைய கலர் டி.வி., நான்கு கேம் பெட்டி. ஜப்பானின் நின்டெண்டோ பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள் அவை. கேசட்டின் மேல் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். உள்ளே நிஜமாக இருப்பது நாலைந்து ஆட்டம்தான். மீதியெல்லாம் அதே ஆட்டத்துக்கு வேறு வேறு பெயர். மரியோ, கான்ட்ரா இரண்டும் இருந்தால் போதும், கடை ஓடும். மதுரை, திருச்சி, கோவையிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் படகுக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்பார்கள். பிள்ளைகள் எங்கள் கடையில் இருப்பார்கள்.

இரண்டாவது வருஷம் மே மாதம். பக்கத்துத் தங்கும் விடுதியிலிருந்து ஆள் வந்தார். "காலைல இருந்து ராத்திரி வரைக்கும் டொய்ங் டொய்ங்னு ஒரே சத்தம். ரூம்ல ஆள் தங்க மாட்டேங்கறாங்க" என்று சண்டை. அவர் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் நான்கு டி.வி.யிலும் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டோம். படம்தானே முக்கியம், சத்தம் எதற்கு என்று நினைத்தோம்.

ஒரே வாரத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு மணி நேரம் ஆடும் பையன் கால் மணியில் எழுந்து போனான். நன்றாக ஆடுகிறவன்கூட முதல் குழியிலேயே விழுந்தான். பொத்தான் ஒட்டிக்கொள்கிறதோ என்று பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் பண்ணைக்காட்டிலிருந்து வழக்கமாக வரும் ஒரு பையன் சொன்னான்: "அண்ணே, சத்தம் இல்லாம ஆட வரலண்ணே. எப்ப தாவணும்னே தெரியல."

எப்போது தாவ வேண்டும் என்பதைக் கண்தானே சொல்லும்? காது எப்படிச் சொல்லும்? எனக்கு விளங்கவில்லை. என் தோழனுக்கு விளங்கியது. அவன் சத்தத்தைக் கொஞ்சமாக வைத்துவிட்டு மரியோ ஆட்டத்தைப் போட்டான். "நல்லா கேளுடா" என்றான்.

மரியோ தரையில் ஓடும்போது ஒரு பாட்டு. குழாய்க்குள் இறங்கிப் பாதாளத்துக்குப் போனால் வேறு பாட்டு, திருடன் நடப்பது மாதிரி. நட்சத்திரத்தை எடுத்தால் பாட்டு துள்ளும். அது ஓடும் வரை யாரும் உன்னைத் தொட முடியாது. பழைய பாட்டு திரும்பியதும் பலம் தீரப்போகிறது என்று அர்த்தம். திரையின் மேல் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வரும். அதை எந்தப் பையனும் பார்ப்பதில்லை. நூறுக்குக் கீழே போனதும் ஒரு எச்சரிக்கை ஒலி, பிறகு அதே பாட்டு வேகம் பிடிக்கும். பையன் தானாக ஓட ஆரம்பிப்பான். தண்ணீருக்குள் இறங்கினால் பாட்டு மிதக்கும். அந்த இடத்தில் என் தோழன் தொடையில் தட்டிக் காட்டினான்: தகிட, தகிட, தகிட. "இது திஸ்ரம்டா. மூணு மூணா போகுது பார்" என்றான்.

இயற்பியல் படித்த பயலுக்குத் திஸ்ரம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். அப்பா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் "விவசாயம்" என்பான். ஒரு தைப்பூசத்தின்போது அடிவாரத்தில் காவடிக் கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு மேளம் வந்தது. அவன் என் கையைப் பிடித்துப் பக்கத்துச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டான். கூட்ட நெரிசலுக்காக என்று நினைத்தேன். அந்த மேளத்தில் தவில் வாசித்துக்கொண்டு வந்தவர் அவன் அப்பா. இதைக் கொடைக்கானல் கடையில், அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகுதான் சொன்னான்.

அன்றைக்கு அவன் சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் நான் இந்த மேடைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். "இந்தப் பெட்டி செய்யறதத்தான்டா எங்கப்பா செய்யறார். அவர் கச்சேரி மேடையில வாசிக்கற ஆள் இல்ல. காவடிக்காரன் காலைப் பார்த்து வாசிக்கற ஆள்."

பழனிக்காரர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறோம், ஆனால் கவனித்தது கிடையாது. காரைக்குடிப் பக்கமிருந்து நகரத்தார் காவடி வருகிறது, எடப்பாடிக் காவடி வருகிறது, ஊர் ஊராக வருகிறது. பல நாள் நடந்து தேய்ந்த கால்கள். சமதரையில் கால் எட்டிப் போட்டால் தவிலும் எட்டிப் போகும். படியில் ஏறும்போது அடி இறங்கும். காவடிக்காரர் தள்ளாடுகிறார் என்று தெரிந்தால் ஒரு தீர்மானம் வைத்து முடிப்பார், அவர் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று. தெளிந்து நிமிர்ந்ததும் மறுபடி எடுப்பார். ஆட்டம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் கண் முழுக்க எதிராளியின் கால்மேல். கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளமும் அப்படித்தான்.

சினிமாப் பாட்டுக்கும் வீடியோ கேம் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சினிமாவில் கதாநாயகன் எந்த விநாடியில் ஓடுவான் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியும். படத்தைத் திரையில் ஓட விட்டு அளந்து இசை போடலாம். விளையாட்டில் அது முடியாது. ஒரு பையன் ஒரு கட்டத்தை அரை நிமிஷத்தில் தாண்டுவான். இன்னொருவன் அங்கேயே பத்து நிமிஷம் சுற்றுவான். மூன்றாமவன் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவான். மூன்று பேருக்கும் ஒரே பாட்டு பொருந்த வேண்டும். அதனால் ஆடுகிறவனைக் கவனித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் இசை தேவைப்பட்டது. இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த புதுமை என்றுதான் உலகம் பேசுகிறது. நம் அடிவாரத்தில் அது வருஷா வருஷம் நடந்து போய்க்கொண்டிருந்தது.

இதன் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் பாட்டு என்று எதுவும் கிடையாது. கனமான நான்கு சுரம், திரும்பத் திரும்ப. எதிரிகள் சாகச் சாக, மிச்சம் இருப்பவர்கள் வேகமாக இறங்குவார்கள், அந்த நான்கு சுரமும் வேகமாகும். ஆடுகிறவன் நெஞ்சு படபடக்கும். அந்தக் காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது.

1985இல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. இசையமைத்தவர் கோஜி கொண்டோ. அவரிடம் இருந்த வாத்தியம் எது தெரியுமா? அந்தப் பெட்டியின் ஒலிச்சில்லில் மொத்தம் ஐந்து வழி. ராகத்துக்கு இரண்டு, அடிநாதத்துக்கு ஒன்று, இரைச்சலை வைத்துத் தாளம் போட ஒன்று, பதிவு செய்த துண்டு ஒலிக்கு ஒன்று. படம், ஆட்டம், பாட்டு என்று முழு விளையாட்டுமே அடங்கியது 40 கிலோபைட்டுக்குள். இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அவ்வளவு சின்ன இடத்தில் எழுதிய அந்தப் பாட்டை, பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023இல் சேர்த்துக்கொண்டது. வீடியோ கேம் இசையில் அந்தப் பட்டியலுக்குள் போன முதல் பாட்டு அதுதான்.

1991இல் அமெரிக்காவின் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கனல் என்ற இரண்டு பேர் ஒரு ஏற்பாடு செய்தார்கள். 'மங்கி ஐலண்ட் 2' என்ற விளையாட்டில் ஒரு ஊர் வரும். வீதியில் நடக்கும்போது ஒரு பாட்டு. ஒரு கடைக்குள் நுழைந்தால் அதே பாட்டு அறுபடாமல் வேறு வாத்தியத்துக்கு மாறும். வெளியே வந்தால் பழையபடி சேரும். மாறும் இடம் காதில் உறுத்தாது. எப்படி? தாளம் ஒரு கட்டத்தை முடிக்கும் வரை காத்திருந்துதான் மாற்றும். நம் மேளத்தில் பாதி ஆவர்த்தனத்தில் யாராவது பாட்டை மாற்றுவார்களா? தாளம் சமத்துக்கு வந்த பிறகுதானே மாற்றுவார்கள்? அதே சங்கதிதான்.

இன்னொரு வழியும் உண்டு. பாட்டை மாற்றாமல் அதன்மேல் அடுக்கிக்கொண்டே போவது. முதலில் சுருதி மட்டும். ஆபத்து நெருங்கினால் தாளம் சேரும். சண்டை வந்தால் எல்லா வாத்தியமும் சேரும். சண்டை முடிந்தால் ஒவ்வொன்றாக விலகும். கோயில் புறப்பாட்டில் சுருதியில் தொடங்கி நாதஸ்வரம், பிறகு தவில், பிறகு தாளம் என்று சேர்வதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இசை அலங்காரம் மட்டும் இல்லை, அது தகவலும்கூட என்பதற்கு நம் மலைப்பாதையே சாட்சி. பழனியிலிருந்து சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாகக் கொடைக்கானல் பஸ்ஸில் மூடுபனி நாளில் போயிருக்கிறீர்களா? கொண்டை ஊசி வளைவில் பத்தடிக்கு மேல் கண் தெரியாது. டிரைவர் ஆரன் அடிப்பார், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். மேலேயிருந்து பதில் ஆரன் வந்தால் ஒதுங்குவார். அந்த வளைவில் அவர் காதால் ஓட்டுகிறார். எங்கள் கடைக்கு வந்த பையன்களும் பாதி காதால்தான் ஆடினார்கள். 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' என்ற விளையாட்டில், கண் தெரியாதவர்களும் ஒலிக் குறிப்புகளை வைத்தே கடைசி வரை ஆடி முடிக்கும்படி வசதி செய்திருக்கிறார்கள். அப்படி முடித்தவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் அன்றைக்குச் சத்தத்தை மூடியபோது பாதி விளையாட்டை மூடிவிட்டோம் என்பது இப்போது புரிகிறது.

தமிழ்த் துறைப் பேராசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். தவறாகச் சொன்னால் திருத்துங்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள் எவை என்று தொல்காப்பியம் பட்டியல் போடுகிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் இவற்றோடு பறையையும் யாழையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பின்னால் வந்தவர்கள் பெயர் சொல்லி விளக்கினார்கள். இடம் மாறினால் மேளம் மாற வேண்டும் என்பது இதன் கருத்து. தரைக்கு ஒரு பாட்டு, பாதாளத்துக்கு ஒரு பாட்டு, தண்ணீருக்கு ஒரு பாட்டு என்று கோஜி கொண்டோ செய்ததற்கும் இதற்கும் ரொம்ப தூரம் இல்லை. அகநானூற்றில் ஒரு காட்சி வருகிறது. தினைப்புனத்தில் கதிர் தின்ன வந்த யானை, காவல் இருக்கும் பெண் பாடும் குறிஞ்சிப் பண்ணைக் கேட்டு, தின்னவும் இல்லாமல் போகவும் இல்லாமல் நின்றபடியே தூங்கிவிடுகிறது. அது குறிஞ்சி நிலத்துப் பாட்டு. நாம் உட்கார்ந்திருப்பதும் குறிஞ்சி நிலத்தின் அடிவாரத்தில்தான்.

இவ்வளவு இருந்தும், உலகத்தில் விற்கும் விளையாட்டுகளில் நம் சத்தம் எங்கே இருக்கிறது என்று தேடினால் மிகக் கொஞ்சம்தான் கிடைக்கிறது. 'இந்தியா' என்று வந்தால் ஒரு சிதாரை மீட்டி, ஒரு தபலாவைத் தட்டி முடித்துவிடுவது பழைய வழக்கம். தமிழ்நாட்டுக் காட்சிக்கும் அதே சிதார்தான்.

அந்த நிலை கொஞ்சம் மாறுகிறது. 2023 ஜூலையில் 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு வந்தது. கனடாவில் டொரன்டோ நகரில் இருக்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறிய குழு செய்தது. 1988இல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா பெயர் வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். துப்பாக்கி கிடையாது, குழி கிடையாது. அம்மா கையில் அவள் தாய் எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு. அது கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போனதை யூகித்து இட்லி அவிக்க வேண்டும், பிரியாணிக்குத் தம் போட வேண்டும். அதுதான் விளையாட்டு. சமைக்கும்போது பாட்டு ஓடுகிறது. அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் பாணியில், இந்த விளையாட்டுக்கென்றே புதிதாகச் செய்த தமிழ்ப் பாட்டுகள். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டு என்று இதற்கு விருது கொடுத்தது.

நான் ஆடிப் பார்த்தேன். என் மகன் போட்டுக் கொடுத்தான். முதல் இட்லி எனக்குக் கெட்டுப்போனது, அதைப் பற்றி வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள். ஆனால் அந்த அடுப்படியில் பாட்டு ஆரம்பித்ததும் நான் கனடாவில் இல்லை. எங்கள் வீட்டு அடுப்படியில், அலமாரி மேல் ரேடியோவில் கொடைக்கானல் பண்பலை 100.5 ஓட, அம்மா தோசை ஊற்றும் நேரத்தில் இருந்தேன். இந்த மலை உச்சியிலிருந்து கிளம்பும் அந்த அலைவரிசை எத்தனை மாவட்டங்களின் அடுப்படிகளில் பாடியிருக்கிறது! படம் மட்டும் இருந்திருந்தால் அது யாரோ ஒருவர் வீடு. பாட்டு வந்ததும் அது என் வீடாகிவிட்டது. பனி கொட்டும் நாட்டில் பிறந்து, அம்மாவின் மொழி பாதிதான் புரியும் ஒரு பிள்ளைக்கும், அந்தப் பாட்டின் வழியாக அம்மாவின் ஊர் கொஞ்சம் எட்டும்.

இப்போது என் தோழன் கதையை முடித்துவிடுகிறேன். கடை 1999இல் மூடியது. அவனுக்குத் திண்டுக்கல்லில் வேலை கிடைத்தது. தவிலை அவன் கையில் எடுக்கவே இல்லை. அவன் தம்பியும் எடுக்கவில்லை. வாசிக்க உடம்பு இடம் கொடுக்காமல் போனதும் அப்பா தவிலுக்கு உறை போட்டுப் பரண்மேல் ஏற்றினார். நாலு தலைமுறையாக அந்த வீட்டில் இருந்த வித்தை அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

தோழனின் மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். போன வருஷம் கல்லூரி வேலையாக ஒரு சின்ன விளையாட்டு செய்தாள். காவடி எடுத்த ஒருவர் மலையேறுகிறார், அவ்வளவுதான் கதை. பின்னணிக்கு இணையத்தில் தேடி ஏதோ ஒரு மேளச் சத்தத்தை எடுத்துப் போட்டிருந்தாள். தாத்தாவிடம் காட்டினாள். எண்பது தாண்டியவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். அவர் பார்த்தது படத்தை இல்லை, அதில் ஏறுகிறவரின் காலை. இரண்டு நிமிஷம் பொறுத்தார். பிறகு சொன்னாராம்: "இவன் யார் காலைப் பார்த்து அடிக்கறான்? இந்த ஆள் அங்க நின்னுட்டானே! இங்க தீர்மானம் வெக்க வேண்டாமா?"

பரணிலிருந்து தவில் இறங்கியது. வார் இழுத்துக் கட்ட ஆள் தேடிப் பிடித்தார்கள். அவரால் ஒரு நேரத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்தார்கள். சமதரை நடை, படி ஏறும் நடை, தளர்ந்த நடை, உச்சிக்கு வந்த பிறகு ஆடும் ஆட்டம். அவர் வாசிப்பார், பேத்தி பதிவு செய்வாள். பக்கத்தில் தாளம் போட ஆள் வேண்டுமே? என் தோழன் ஜால்ராவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் சந்துக்குள் இழுத்துக்கொண்டு ஓடியவன். நானும் ஒரு ஞாயிறு போயிருந்தேன். அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. தாளம் மட்டும் தப்பவில்லை.

தம்பி தங்கைகளே, நான் கேட்கப்போவது இதுதான். இன்றைக்கு ஒரு விளையாட்டு செய்வதற்கு வேண்டிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆடுகிறவனுக்கு ஏற்ப இசையை மாற்றும் வசதியும் அவற்றில் இருக்கிறது. பதிவு செய்ய நல்ல செல்போனே ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் அதற்குள் போட வேண்டிய சரக்கு எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது நம் ஊர் வீடுகளில், வயதானவர்கள் கையில் இருக்கிறது. பழனிப் பக்கம் தவில், நாதஸ்வரம், பம்பை, உடுக்கை. மேலே பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் திருவிழா மேளங்கள். பளியர், புலையர் மக்களின் ஆட்டமும் பாட்டும். சோலைக்காட்டில் விடியற்காலையில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி விசில் அடிக்கும் சீகாரப் பூங்குருவியும் நம் வாத்தியக்காரன்தான்.

பதிவு செய்யப் போகும்போது மூன்று விஷயத்தை மறக்காதீர்கள். முதலாவது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில அடிகள் சாமிக்கு மட்டும் வாசிப்பவை, சில சாவுக்கு மட்டும். எதை வெளியே கொடுக்கலாம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, வாசித்தவர் பெயரைப் போடுங்கள். 'நாட்டுப்புற இசை' என்று பொதுவாகப் போட்டுவிட்டு வாசித்த மனிதரை மறைக்காதீர்கள். மூன்றாவது, கூலி கொடுங்கள். உங்கள் விளையாட்டு காசு பார்க்கும் என்றால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. ஒரே நடையை மூன்று வேகத்தில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், பின்னால் உதவும். இது தொழில் ரகசியம், இலவசமாகச் சொல்லிவிட்டேன்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கேம் ஆடும்போது "சத்தத்தைக் கொறடா" என்று எல்லோரும் கத்துகிறோம். நானும் கத்தியவன்தான். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனின் ஒரு காதை வாங்கிக் கேளுங்கள். என்ன ஓடுகிறது, ஏன் மாறியது என்று கேளுங்கள். பிள்ளை சொல்வான். அப்படிக் கேட்கிற வீட்டிலிருந்து ஒரு இசையமைப்பாளர் வந்தாலும் வரலாம். வராவிட்டாலும் அன்றைக்குப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம் என்றாவது இருக்கும்.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. வருஷா வருஷம் கொடுக்கும் பரிசுகளோடு, நம் வட்டாரக் கலைஞர் ஒருவரைப் பெயர் சொல்லி, அனுமதி பெற்றுப் பதிவு செய்து வரும் மாணவருக்கு ஒரு பரிசு வைக்க வேண்டும். கலைஞருக்கான கூலியையும் சங்கமே கொடுக்க வேண்டும். முதல் வருஷச் செலவுக்கு என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். தாமதம் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பதிவு செய்த பெரியவர் இந்தத் தைப்பூசத்துக்குத் தவிலைத் தோளில் மாட்ட முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, போகிற காவடிகளின் காலைப் பார்த்து முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார்.

என் தோழன் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். "பேரைச் சொன்னே, மேடையிலேயே வந்து அடிப்பேன்" என்று காலையிலேயே மிரட்டிவிட்டான். அதனால் சொல்லவில்லை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் அவன் மகள் அந்த விளையாட்டைப் போட்டுக் காட்டுகிறாள். எல்லோரும் வாருங்கள். சத்தத்தை யாரும் குறைக்க வேண்டாம்.